தேடுபவர்களும் ஆடுபவர்களும்: கூகுள் கோட்டில் ஒரு விளையாட்டின் புகழை அளப்பது எப்படி?

2011ஆம் ஆண்டில் அமெரிக்க விளையாட்டுக் கடைகளின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் கைமாறியது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974இல் வெளியான, பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டான 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இரண்டாமிடத்துக்கு இறங்கியது. 'பாத்ஃபைண்டர்' முதலிடத்துக்கு வந்து, 2014 வரை பெரும்பாலும் அங்கேயே இருந்தது. பட்டியலை வெளியிட்டது ஐசிவி2 என்ற வணிக இதழ். கடைக்காரர்கள், விநியோகஸ்தர்கள், பதிப்பாளர்கள் ஆகியோரிடம் விசாரித்து வரிசைப்படுத்துவது அதன் முறை. அந்தப் பட்டியலில் எத்தனை பிரதிகள் விற்றன என்ற எண் இருக்காது. முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் நடுவே மயிரிழைதான் இடைவெளியா, மலையளவா என்பதும் தெரியாது.

இந்தக் குறைபாடு ஐசிவி2வுக்கு மட்டும் உரியதல்ல. இவ்வகை விளையாட்டின் இயல்பே அப்படி. நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் கதையை நடத்துகிறார்; மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அந்தப் பாத்திரம் அடுத்து என்ன செய்கிறது என்று வாயால் சொல்கிறார்கள். விளைவு நிச்சயமில்லாத இடத்தில் இருபது முகப் பகடை உருள்கிறது. ஒரே கதை மாதக்கணக்கில், சில குழுக்களில் ஆண்டுக்கணக்கில் ஓடும். இதற்கு டிக்கெட் கிடையாது, டிஆர்பி கிடையாது. ஒருவர் வாங்கிய விதிநூலை வைத்து ஐந்து பேர் பத்தாண்டு ஆடலாம். வாங்கிய நூலை யாரும் பிரிக்காமலே அலமாரியிலும் வைத்திருக்கலாம். ஆகவே எந்த விளையாட்டை அதிகம் பேர் ஆடுகிறார்கள் என்ற எளிய கேள்விக்கு நேரடியான விடை எங்கும் இல்லை.

இந்த வெற்றிடத்தில்தான் கூகுள் டிரெண்ட்ஸ் வந்து நிற்கிறது. கட்டணம் இல்லை, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. இரண்டு பெயர்களைத் தட்டினால் 2004 ஜனவரி முதல் இன்றுவரையான இரண்டு கோடுகள் திரையில் எழும். எது மேலே இருக்கிறதோ அதுவே அதிகப் புகழுடையது என்று முடிவு கட்ட ஆசை வருவது இயல்பு. அந்தக் கோடு உண்மையில் அளப்பது வேறொன்றை: ஒரு விளையாட்டைப் பற்றி எத்தனை பேர் இணையத்தில் கேள்வி கேட்கிறார்கள் என்பதை. கேட்பவர்களும் ஆடுபவர்களும் ஒரே கூட்டம் அல்ல. இந்த வேறுபாட்டை மறக்காதவருக்கு டிரெண்ட்ஸ் நல்ல கருவி. மறந்தவரை அது தவறான இடத்தில் கொண்டுபோய் விட்டுவிடும்.

கோட்டின் இலக்கணம்

டிரெண்ட்ஸ் தரும் எண் தேடல்களின் எண்ணிக்கை அல்ல. குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட காலத்தில் நடந்த மொத்தத் தேடல்களில் ஒரு சொல்லின் பங்கு எவ்வளவு என்று முதலில் கணக்கிடப்படுகிறது. நாம் கேட்ட காலத்துக்குள் அந்தப் பங்கு எப்போது மிக அதிகமாக இருந்ததோ அந்தப் புள்ளி 100 ஆகிறது. மற்றவை அதற்கேற்பச் சுருங்குகின்றன. இதிலிருந்து ஒரு விநோதம் பிறக்கிறது. கற்பனையாக ஒரு கணக்குப் போடுவோம். ஒரு மாதத்தில் 10 கோடித் தேடல்கள் நடந்தன. அவற்றில் 1,000 நம் விளையாட்டைப் பற்றியவை. சில ஆண்டுகளுக்குப் பின் ஒரு மாதத்தில் 40 கோடித் தேடல்கள். நம் விளையாட்டுக்கு 2,000. தேடியவர்கள் இரட்டிப்பாகிவிட்டார்கள், பங்கோ பாதியாகிவிட்டது. 100இல் இருந்த கோடு 50க்கு இறங்கி நிற்கும்.

கணினி, நிரலாக்கம், அறிவியல் புனைவு போன்ற பல துறைச் சொற்களின் கோடுகள் 2004இல் உயரத்தில் தொடங்கிச் சரிந்துகொண்டே வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அன்று இணையத்தில் இருந்தவர்களில் மாணவர்களும் கணினிப் பித்தர்களும் விகிதத்துக்கு மீறி இருந்தார்கள். பகடை உருட்டும் கூட்டமும் பெரும்பாலும் அவர்களுக்குள்தான் இருந்தது. பிறகு மளிகை விலை, கிரிக்கெட் ஸ்கோர், காய்ச்சலுக்கு மருந்து என எல்லாவற்றையும் எல்லோரும் தேடத் தொடங்கினார்கள். தொகுதி அப்படியே இருக்க, வகுக்கும் எண் பெருத்தது. 2004 முதல் 2014 வரையான சரிவைக் காட்டி, அந்தப் பத்தாண்டில் இவ்வகை விளையாட்டுகள் செத்துக்கொண்டிருந்தன என்று வாதிடுபவர் இதை முதலில் கழித்துவிட்டுப் பேச வேண்டும்.

இன்னும் இரண்டு செய்திகள். டிரெண்ட்ஸ் எல்லாத் தேடல்களையும் எண்ணுவதில்லை. ஒரு மாதிரியை எடுத்துக் கணிக்கிறது. அதிகம் தேடப்படாத சிறிய விளையாட்டுக்கு இன்று ஒரு கோடும் நாளை சற்று மாறிய கோடும் வருவது இதனால்தான். அடுத்தது, காலத்தின் நுணுக்கம். ஒன்பது மாதத்துக்குள் கேட்டால் நாள்வாரியாகவும், ஐந்தாண்டுவரை கேட்டால் வாரவாரியாகவும், அதற்கு மேல் போனால் மாதவாரியாகவும் எண்கள் கிடைக்கின்றன. நான்கு நாள் கொந்தளிப்பு மாதவாரிக் கோட்டில் சிறு மேடாகக் கரைந்துவிடும். கூகுள் தன் கணக்கிடும் முறையை இடையிடையே மாற்றியும் இருக்கிறது. 2011, 2016, 2022 ஜனவரிகளில் வரைபடத்திலேயே அதற்கான குறிப்பு இருக்கிறது. அந்த இடங்களில் தென்படும் படிக்கட்டுகளை விளையாட்டின் மேல் ஏற்றிச் சொல்லக் கூடாது.

பெயர்க் குழப்பம்

விளையாட்டுக்குப் பெயர் வைத்தவர்கள் யாரும் தேடுபொறியை மனத்தில் வைத்துக்கொண்டு வைக்கவில்லை. 'பாத்ஃபைண்டர்' என்று தேடுபவர்களில் எத்தனை பேர் பகடையோடு உட்கார்ந்திருப்பவர்கள்? அதே பெயரில் நிசான் நிறுவனத்தின் கார் 1980களிலிருந்து ஓடுகிறது. 1997இல் செவ்வாயில் இறங்கிய நாசா விண்கலத்துக்கும் அதுவே பெயர். 'டிராவலர்' 1977 முதல் ஆடப்படும் விண்வெளி விளையாட்டு. தேடுபொறிக்கு அது பயணி. 'ஃபேட்' என்றால் விதி. 'குர்ப்ஸ்' போன்ற அகராதியில் இல்லாத பெயருடைய விளையாட்டு மட்டுமே தப்பித்தது. அதற்குப் போட்டியாக வேறு எதுவும் அந்தப் பெயரில் இல்லை.

சுருக்கெழுத்துகள் இன்னும் மோசம். 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடுபவர்கள் முழுப் பெயரை எழுதுவதில்லை. 'டிஎன்டி' என்று மூன்றெழுத்தில் முடித்துவிடுகிறார்கள். இந்தியாவில் அதே மூன்றெழுத்து, விளம்பர அழைப்புகளை நிறுத்தும் சேவைக்கும் டெல்லியையும் நொய்டாவையும் இணைக்கும் மேம்பாலச் சாலைக்கும் உரியது. ஜெர்மனியில் 1984 முதல் ஆடப்படும் 'தாஸ் ஷ்வார்ட்செ ஆவுகெ' அந்த நாட்டில் 'டிஎஸ்ஏ' என்று சுருங்கும். 2022க்குப் பின் ஐரோப்பியச் செய்திகளில் டிஎஸ்ஏ என்றால் டிஜிட்டல் சேவைச் சட்டம். அமெரிக்காவில் ஒரு சோஷலிச அமைப்பு. பெங்களூரிலும் சென்னையிலும் மென்பொருள் வேலைக்கு நேர்காணலுக்குப் போகும் இளைஞர்களுக்கு அது பாடத்திட்டத்தின் பெயர். நாட்டைக் குறிப்பிடாமல் இந்த மூன்றெழுத்தின் கோட்டைப் பார்ப்பவர் எதைப் பார்க்கிறார் என்று அவருக்கே தெரியாது.

இதற்கு மாற்றாக டிரெண்ட்ஸ் 'தலைப்பு' என்றொரு வசதியைத் தருகிறது. எழுதிய எழுத்துகளை விட்டுவிட்டு, தேடியவர் எந்தப் பொருளைக் கருதினார் என்று கூகுளே ஊகித்து, பல மொழித் தேடல்களையும் ஒரே கூடையில் போடுகிறது. காரும் விண்கலமும் விலகிவிடும். ஆனால் அந்த ஊகம் எப்படி நடக்கிறது என்பது வெளியே தெரியாது. 'பாத்ஃபைண்டர்: கிங்மேக்கர்' என்று 2018இல் ஒரு கணினி விளையாட்டு வந்தது. மைக் பாண்ட்ஸ்மித் 1988இல் தொடங்கிய 'சைபர்பங்க்' மேசை விளையாட்டிலிருந்து 2020 டிசம்பரில் 'சைபர்பங்க் 2077' பிறந்தது. 'பால்டர்ஸ் கேட் 3' 2023 ஆகஸ்டில் வந்தபோது அதன் விதிகள் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஐந்தாம் பதிப்பை ஒட்டியவை. ஒரு மந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று அந்த ஆகஸ்டில் தேடியவர் மேசையில் இருந்தாரா, கணினி முன் இருந்தாரா? எழுதிய சொல் ஒன்றுதான். எந்தக் கூடையும் அவர்களைப் பிரித்துவிடாது.

தெரிந்தவர் தேடுவதில்லை

பெயர்க் குழப்பத்தை முழுவதும் தீர்த்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அடிப்படைச் சிக்கல் மிஞ்சும். ஒருவர் எப்போது தேடுகிறார்? தெரியாதபோது. பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரே குழுவோடு ஒரே விளையாட்டை ஆடுபவருக்கு அதன் பெயரைக் கூகுளில் தட்ட எந்தக் காரணமும் இல்லை. நேற்றுத் தொலைக்காட்சித் தொடரில் பார்த்துவிட்டு இது என்ன என்று வியப்பவர் ஒரே இரவில் பலமுறை தேடுவார். முன்னவரிடம் இருப்பது பற்று, பின்னவரிடம் இருப்பது ஆர்வம். டிரெண்ட்ஸ் பின்னவரை எண்ணுகிறது, முன்னவரை விட்டுவிடுகிறது.

விதிகளின் பருமனும் கணக்கைக் கோணலாக்குகிறது. 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஐந்தாம் பதிப்பில் நூற்றுக்கணக்கான மந்திரங்கள், பத்துக்கு மேற்பட்ட தொழில்வகைகள், ஒவ்வொன்றுக்கும் கிளைகள். ஆட்டத்தின் நடுவில் சந்தேகம் வந்தால் கைப்பேசியை எடுத்துத் தேடுவது வழக்கம். மறுமுனையில் ஜான் ஹார்பரின் 'லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ்' இருக்கிறது. அதன் மொத்த விதிகளும் ஒரே பக்கத்தில் அடங்கும். அதை ஆயிரம் குழுக்கள் ஆடினாலும் தேடுவதற்கு என்ன இருக்கிறது? ஆளுக்கு எத்தனை தேடல் என்பது விளையாட்டுக்கு விளையாட்டு மாறும்போது, தேடலின் விகிதத்தை ஆடுபவர்களின் விகிதமாக மாற்ற எந்தச் சூத்திரமும் உதவாது.

தேடல் நடக்கும் இடமும் ஒன்றல்ல. 2017இல் 'டி அண்ட் டி பியாண்ட்' தளம் வந்தபின் பலர் விதிகளை அதற்குள்ளேயே தேடிக்கொள்கிறார்கள். பாத்ஃபைண்டரின் விதிகள் 'ஆர்க்கைவ்ஸ் ஆஃப் நெதிஸ்' தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதைக் குறித்துவைத்திருப்பவர் கூகுள் வாசலை மிதிப்பதே இல்லை. டிஸ்கார்டில் நண்பரிடம் கேட்டுத் தெரிந்துகொள்பவர் எந்தக் கோட்டிலும் இல்லை. ஒரு விளையாட்டுக்கு நல்ல சொந்தத் தளம் அமைந்ததாலேயே அதன் கோடு தாழலாம்.

இதன் மேல் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'க்கு ஒரு தனிச் சலுகையும் உண்டு. அது ஒரு விளையாட்டின் பெயர் மட்டுமல்ல, வெளியாருக்கு அந்த வகை முழுவதற்குமே பெயர். நம் ஊரில் எந்த நிறுவனத்தின் நகல் இயந்திரம் இருந்தாலும் அது ஜெராக்ஸ் கடைதான், அதுபோல. திகில் கதை ஆட விரும்பும் புதியவரும் முதலில் தட்டுவது இந்தப் பெயரைத்தான். பிறகு யாராவது சொல்லி 'கால் ஆஃப் கதுல்ஹூ'வுக்குப் போவார். அவருடைய முதல் தேடல் ஒரு கணக்கில், பின்வரும் ஆட்டங்கள் எல்லாம் இன்னொரு கணக்கில். தேடல் கோட்டில் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' மற்றவற்றைவிடப் பன்மடங்கு உயரத்தில் நிற்பதில் இந்த வாசற்படி வருமானமும் கலந்திருக்கிறது.

ஒரு ஜனவரி மாதம்

இவ்வளவு குறையும் உடைய கருவி எதற்குத்தான் பயன்படும்? 2023 ஜனவரி அதற்கு நல்ல பாடம்.

2000ஆம் ஆண்டில் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' பதிப்பாளரான விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் தன் அடிப்படை விதிகளைப் பிறரும் பயன்படுத்தலாம் என்று ஒரு திறந்த உரிமத்தை வெளியிட்டது. பாத்ஃபைண்டர் 2009இல் பிறந்ததே அந்த உரிமத்தின் மேல்தான். 2008இல் வந்த நான்காம் பதிப்பு பிடிக்காதவர்களுக்காக, பைசோ நிறுவனம் பழைய 3.5 பதிப்பின் விதிகளைச் செப்பனிட்டுத் தந்தது. 2023 ஜனவரி 5 அன்று அந்த உரிமத்தைக் கடுமையாக்கும் வரைவு ஒன்று கசிந்து செய்தியானது. ரசிகர்களும் சிறு பதிப்பாளர்களும் கொதித்தெழுந்தார்கள். 'டி அண்ட் டி பியாண்ட்' சந்தாவை ரத்துசெய்யும் இயக்கம் நடந்தது. 12ஆம் தேதி பைசோ தனியாக ஒரு திறந்த உரிமத்தை அறிவித்தது. 27ஆம் தேதி விசர்ட்ஸ் பின்வாங்கி, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது. இதற்கிடையே, எட்டு மாதத்துக்கு என்று வைத்திருந்த விதிநூல் இருப்பு இரண்டு வாரத்தில் தீர்ந்துவிட்டதாக பைசோ சொன்னது.

அந்த மாதத்தை நாள்வாரியாக எடுத்து, பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பைக் குறிக்கும் தேடல்களைப் பார்ப்பவர் இந்தத் தேதிகளோடு பொருந்தும் ஏற்றத்தைக் காண்கிறார். இங்கே டிரெண்ட்ஸை நம்பலாம், காரணங்கள் தெளிவானவை. ஒப்பீடு ஒரு விளையாட்டுக்கும் அதன் சென்ற மாதத்துக்கும் இடையிலானது. பெயரின் குழப்பமோ விதிகளின் பருமனோ ஒரே மாதத்தில் மாறிவிடவில்லை. ஏற்றத்துக்கு வெளியிலிருந்து தேதியிட்ட காரணம் இருக்கிறது. பைசோ சொன்ன விற்பனைச் செய்தி, தேடலோடு சேராத தனிச் சாட்சி.

அதே மாதம் ஓர் எச்சரிக்கையும் தருகிறது. கோபமும் தேடலைக் கூட்டும். உரிமத்தைப் பற்றி, சந்தாவை ரத்துசெய்வதைப் பற்றி எழுந்த கேள்விகளும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' கணக்கில்தான் ஏறின. வெளியேற வழி கேட்பவரும் உள்ளே வர வழி கேட்பவரும் கோட்டில் ஒரே திசையில் தள்ளுகிறார்கள். இருவரையும் பிரிக்க, கோட்டுக்குக் கீழே டிரெண்ட்ஸ் தரும் தொடர்புடைய தேடல்களின் பட்டியலைப் படிக்க வேண்டும். அவசரக்காரர்கள் அதுவரை போவதில்லை.

நாடு மாறினால் வரிசை மாறும்

'உலகம் முழுவதும்' என்ற தெரிவு ஏமாற்றுவது. சீனாவில் கூகுள் இல்லை. தென்கொரியாவில் நேவர் தேடுபொறிக்கும் ரஷ்யாவில் யாண்டெக்ஸுக்கும் பெரும் பங்கு உண்டு. மிஞ்சிய உலகத்தில் ஆங்கிலம் பேசும் நாடுகளின் எடை அதிகம். அந்த எடையில் மறைந்துபோவது உள்ளூர் ஆட்சிகள்.

ஜப்பானை எடுத்துக்கொள்ளலாம். அங்கே இந்தப் பொழுதுபோக்கின் முகம் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' அல்ல. 1981இல் அமெரிக்காவின் கேயோசியம் நிறுவனம் வெளியிட்ட 'கால் ஆஃப் கதுல்ஹூ'. நிகோநிகோ தளத்தில் இளைஞர்கள் தங்கள் ஆட்டங்களைக் கதை வீடியோக்களாக வெளியிட்டு அதைப் பரப்பினார்கள். ஆங்கில எழுத்தில் தேடினால் ஜப்பானியக் கோடு தரையோடு தரையாகக் கிடக்கும். கதகானா எழுத்தில் தேட வேண்டும். அப்படித் தேடினாலும் அதே கதுல்ஹூ புராணத்தை எடுத்தாண்ட அனிமே ரசிகர்கள் வந்து கலப்பார்கள். ஸ்வீடனில் 1982 முதல் 'டிராகார் ஓக் டெமோனெர்', பிரேசிலில் 1999 முதல் 'டோர்மெண்டா' என்று ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு சொந்த வரலாறு இருக்கிறது. இணையவழி மேசை தரும் 'ரோல்20' தளம் தன் குழுக்களின் கணக்கை வெளியிட்டபோது, ஐந்தாம் பதிப்புக்கு அடுத்த இடத்தில் 'கால் ஆஃப் கதுல்ஹூ' நின்றது பலருக்கு வியப்பளித்தது. ஆங்கிலத் தேடலை மட்டும் பார்த்துப் பழகிய கண்களுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

காய்ச்சல் கற்றுத்தந்தது

தேடலை நம்பி ஏமாந்த பெரிய கதை விளையாட்டுத் துறையில் நடக்கவில்லை, மருத்துவத்தில் நடந்தது. எத்தனை பேருக்கு ஃப்ளூ காய்ச்சல் என்பதைத் தேடல்களிலிருந்தே கணிக்க முடியும் என்று கூகுள் ஆய்வாளர்கள் 2009இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். 2012–13 குளிர்காலத்தில் அந்தக் கணிப்பு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் எண்ணைப்போல் ஏறத்தாழ இரு மடங்காகப் போனது. 2011 ஆகஸ்டிலிருந்து பார்த்த 108 வாரங்களில் 100 வாரம் கணிப்பு மிகையாகவே இருந்தது என்று டேவிட் லேசரும் குழுவினரும் 2014இல் 'சயன்ஸ்' இதழில் காட்டினார்கள். கூகுள் தன் தேடுபொறியை இடைவிடாமல் மாற்றிக்கொண்டே இருந்ததை அவர்கள் ஒரு முக்கியக் காரணமாகச் சுட்டினார்கள். காய்ச்சல் பற்றிய செய்திப் பரபரப்பு, காய்ச்சல் இல்லாதவர்களையும் தேடவைத்திருக்கும் என்பதும் பேசப்பட்டது. 2015இல் அந்தத் திட்டம் நிறுத்தப்பட்டது.

விளையாட்டுக்குத் திரும்புவோம். 2016 ஜூலையில் தொடங்கிய 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரின் முதல் பகுதியிலேயே சிறுவர்கள் பகடை உருட்டும் காட்சி வந்தது. 2022 மே மாதம் வந்த நான்காம் பருவத்தின் வில்லனுக்கு 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' பாத்திரமான வெக்னாவின் பெயர் சூட்டப்பட்டிருந்தது. அந்தப் பெயரைத் தேடிய கூட்டத்தில் எத்தனை பேர் பிறகு ஒரு மேசையில் உட்கார்ந்தார்கள்? காய்ச்சல் இல்லாதவர்கள் காய்ச்சலைத் தேடிய அதே நிலைமைதான் இது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: பார்த்துவிட்டுத் தேடுபவர்களில் சிலருக்கு இது உண்மையாகவே தொற்றிக்கொள்ளும்.

ஒப்பிடுவதற்கு ஓர் ஒழுங்கு

அப்படியானால் என்ன செய்யலாம்? நாட்டை முதலில் தீர்மானித்து, அந்நாட்டு எழுத்தில் தேட வேண்டும். தலைப்பு வழியாகவும் சொல் வழியாகவும் இரண்டு முறை எடுத்து, இரண்டும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வெவ்வேறு நாள்களில் எடுத்துச் சராசரி காண்பது மாதிரியெடுப்பின் ஆட்டத்தைக் குறைக்கும். டிவி தொடர், திரைப்படம், கணினி விளையாட்டு வெளியான வாரங்களைக் குறித்துவைத்துக்கொண்டு அவற்றைத் தனியாகப் படிக்க வேண்டும்.

சிறிய விளையாட்டுகளைப் பெரியதோடு நேரே வைத்தால் அவை பூஜ்யமாகிவிடும். அதனால் சிலர் ஏணி வைக்கிறார்கள்: பெரியதோடு நடுத்தரமானதை ஒப்பிட்டு, நடுத்தரமானதோடு சிறியதை ஒப்பிட்டு, இரண்டையும் பெருக்குவது. இங்கே கவனம் தேவை. டிரெண்ட்ஸ் முழு எண்களை மட்டுமே தருகிறது. 3 என்று காட்டுவது 2.5க்கும் 3.5க்கும் நடுவில் எதுவாகவும் இருக்கலாம். அப்படி இரண்டு படி ஏறினால், நாம் 100 என்று கணித்தது உண்மையில் 69 முதல் 136 வரை எங்கும் இருக்கலாம். ஆறாவது இடத்துக்கும் எட்டாவது இடத்துக்கும் நடக்கும் வாக்குவாதங்கள் பல இந்த இடைவெளிக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன.

கடைப் பட்டியல் வாங்கியவர்களைச் சொல்கிறது. ரோல்20 இணையத்தில் ஆடியவர்களைச் சொல்கிறது. கூகுள் கேட்டவர்களைச் சொல்கிறது. மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்தால் துணிந்து பேசலாம். பிரிந்து நின்றால், அந்தப் பிரிவே ஆராயத் தக்க செய்தி. தேடல் ஏறி விற்பனை ஏறவில்லை என்றால் வேடிக்கை பார்த்தவர்கள் அதிகம். விற்பனையும் ஆட்டமும் நிலையாக இருக்கத் தேடல் மட்டும் இறங்கினால், பழையவர்கள் தங்கியிருக்கிறார்கள், புதியவர்கள் வரவில்லை. அடுத்த பதிப்பை எத்தனை பிரதி அச்சிடுவது என்று யோசிக்கும் ஒரு சிறு பதிப்பாளருக்கு, 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' தன்னைவிட எத்தனை மடங்கு பெரியது என்ற கணக்கால் பயன் ஏதும் இல்லை. தன் விளையாட்டைப் பற்றிச் சென்ற ஆண்டு கேட்டவர்களைவிட இந்த ஆண்டு கேட்பவர்கள் கூடியிருக்கிறார்களா, எந்த நாட்டில், எந்த வாரத்திலிருந்து என்பதே அவருக்கு வேண்டியது. டிரெண்ட்ஸ் ஓரளவு நேர்மையாகப் பதில் சொல்லும் கேள்வியும் அதுதான்.